கூட ஆள் உண்டா?

திருவள்ளூர்க் குளத்தின் மேற்குப் படித்துறையில் ஜகந்நாதய்யங்காருக்கென்று ஓர் இடம் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை அங்கே பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், பட்டணத்திலிருந்தும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் வருகிற நோயாளிகள் அவர் முன்னால் வரிசை கட்டுவார்கள். பெயர், நட்சத்திரம், வியாதி மூன்றையும் கேட்டுக்கொண்டு சங்கல்பம் செய்துவைப்பார். பிறகு ஒரு வெல்லக் கட்டியைக் கையில் கொடுத்து, "குளத்திலே கரைச்சுட்டு வாங்கோ. வெல்லம் கரையற மாதிரி வியாதியும் கரைஞ்சுடும். வைத்ய வீரராகவப் பெருமாள் கைவிடமாட்டார்" என்பார். அவர் சொல்கிற தோரணையிலேயே பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும்.

மீதிப் பாதிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அதுவும் தொழிலுக்கு நல்லதாகவே இருந்தது.

இப்பேர்ப்பட்ட ஜகந்நாதய்யங்காருக்குக் குடல் இறங்கிவிட்டது.

அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவில் ஆரம்பித்தது, ஆடி கழிவதற்குள் மாம்பழம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. படுத்தால் உள்ளே போகும். எழுந்து நின்றால் வெளியே வரும். சம்மணம் போட்டு உட்காரும்போது உயிர் போய்த் திரும்பும். அவரும் ஆளரவம் இல்லாத ஒரு விடியற்காலையில் குளத்தில் இறங்கித் தனக்குத் தானே சங்கல்பம் செய்துகொண்டு வெல்லம் கரைத்துப் பார்த்தார். வெல்லம் கரைந்தது.

உள்ளூர் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அங்கே மருந்துத் தண்ணீரும் ஊசியும்தான். கத்தி வைக்கிற வேலையெல்லாம் பட்டணத்தில். தவிரவும், குளத்தங்கரை அய்யங்காரே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் என்று ஊரில் பரவினால் அப்புறம் அவர் கையால் வெல்லம் வாங்க எவன் வருவான்? தட்டில் விழுகிற தட்சிணைதான் அவருக்கு அரிசி, அதுதான் விறகு, அதுதான் வீட்டு வாடகை. மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகள் பங்கஜவல்லி நாக்பூரில் இருந்தாள். "இங்கேயே வந்து இருங்கோ அப்பா" என்று தீபாவளிக்குத் தீபாவளி எழுதுவாள். அந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் எந்த மூலையில் என்று எழுதமாட்டாள்.

இவை எல்லாவற்றையும்விட அவரை அதிகமாக வாட்டியது அடுத்த படியில் உட்கார்ந்திருந்த ராமஸ்வாமிதான். அவரும் சங்கல்பம் செய்துவைக்கிறவர். அவரும் தனி ஆள். பிள்ளைகள் இரண்டும் டெல்லியில். கொஞ்ச நாளாக அந்த மனுஷர் பார்க்கிற பார்வை ஜகந்நாதனுக்குப் பிடிக்கவில்லை. எதிரே வரும்போது கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, தலையிலிருந்து கால் வரை அளந்து பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார்.

'மோப்பம் பிடிச்சுட்டான். சமயம் பார்த்துப் படியைப் பிடுங்கப் போறான்' என்று நினைத்துக்கொள்வார் ஜகந்நாதன். ராமஸ்வாமி எதிரே வந்தாலே வேஷ்டியை இழுத்து மூடிக்கொள்வார்.

ஐப்பசியில் ஒரு நாள் விடிவதற்கு முன்னாலேயே பாசஞ்சர் ஏறினார். வண்டியில் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து, நெற்றியில் இருந்த திருமண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பூணூல் போட்ட நாளிலிருந்து வெறும் நெற்றியோடு வெளியே போனது அதுதான் முதல் தடவை. பட்டணத்தில் ரயில்வே லைனை ஒட்டி ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆபரேஷன் இலவசம் என்று வெல்லம் கரைக்க வந்த ஒருவரே சொல்லியிருந்தார்.

இலவசம் என்பது உண்மைதான். டாக்டர் தொட்டுப் பார்த்தார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். விட்டா ஒரு நாள் முறுக்கிக்கும். அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி, வார்டு நர்ஸிடம் அனுப்பினார். நர்ஸ் ஆரோக்கியமேரி அய்யங்காரையும் பார்த்தாள், அவருக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தாள்.

"கூட ஆள் உண்டா?"

"யாரும் இல்லேம்மா. நான் தனி."

"தனி ஆளைச் சேர்க்கறதில்ல பெரியவரே. யாரு கஞ்சி குடுப்பா? யாரு வெளியில போய் மருந்து வாங்கியாருவா? யாரு கையெழுத்துப் போடுவா?"

"கையெழுத்து நானே போடறேனே. கோணாம போடுவேன்."

"நீங்க மயக்கத்துல இருப்பீங்க. ஏதாவது ஆயிட்டா யார்கிட்ட ஒப்படைக்கிறது?"

"ஏதாவது ஆயிட்டா எனக்கென்ன? உங்க இஷ்டப்படி பண்ணிக்கோங்கோ."

"அப்படிச் சொல்லக்கூடாது. போய் ஒரு ஆளோட வாங்க. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாராவது. கட்டில் தர்றேன்."

உடம்புக்கு முடியாதவனைக் கவனித்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வீட்டில் ஆள் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறார்கள். இதில் எங்கேயோ ஒரு தர்க்கம் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே அய்யங்கார் திரும்பி வந்தார். திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கும்வரை அது அகப்படவில்லை.

அகப்பட்டது வேறொன்று. அடுத்த அமாவாசையன்று கூட்டம் கலைந்த பிறகு, படித்துறை ஓரத்தில் வெல்லமும் உப்பு மிளகுப் பொட்டலமும் விற்கிற கங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் அருகே வந்தாள்.

"இன்னா சாமி, ஒக்காந்து எந்திரிக்கும்போது மூஞ்சி ஒரு மாதிரியா போவுது?"

"ஒண்ணுமில்லே. வாயு."

"என் ஊட்டுக்காரரும் வாயுன்னுதான் சொன்னாரு." கூடையைக் கீழே வைத்தாள். "எவ்ளோ வெல்லம் கரைச்சோம் தெரியுமா? சொந்தச் சரக்கு. ஒரு நா காலைல முறுக்கிக்கினு வாந்தி எடுத்தாரு. சாயங்காலம் தூக்கிக்கினு போய்ட்டாங்க."

அய்யங்கார் துண்டால் அடிவயிற்றை மூடிக்கொண்டார். "அதுக்கப்புறமும் இங்கேயே உட்கார்ந்து வெல்லம் விக்கறயே?"

"பின்ன? எனக்கு வேற இன்னா தெரியும்? காய்ச்சலுக்குக் கரையுது, தல நோவுக்குக் கரையுது. கொடலுக்குக் கரையல. அவ்ளோதான் சாமி."

வேறு வழியில்லாமல் அய்யங்கார் எல்லாவற்றையும் சொன்னார். கூட ஆள் வேண்டும் என்கிறார்கள். யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அவன் மறுநாளே ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். ராமஸ்வாமி ஏற்கெனவே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான்.

"நான் வர்றேன்" என்றாள் கங்கம்மா.

"நீ மட்டும் சொல்லமாட்டாயாக்கும்?"

"இன்னா சாமி புரியாத பேசற? உன் கொடலு எறங்கினது வெளிய தெரிஞ்சா உனக்கு மட்டுமா நஷ்டம்? அய்யருக்கே கரையலன்னா என் வெல்லத்த எவன் வாங்குவான்? கூடையோட ஏரில கொட்ட வேண்டியதுதான்!"

அய்யங்கார் அசந்துபோனார். சொந்தமும் பந்தமும் செய்ய முடியாததை வியாபாரம் செய்துவிடுகிறது. அந்த ஊரிலேயே அவருடைய ரகசியத்தைச் சொந்த நகை போலப் பூட்டி வைக்கக்கூடிய ஒரே ஆத்மா, எதிரிலேயே மூக்குத்தியும் வெற்றிலைக் காவி ஏறிய பல்லுமாக நின்றது.

"ஆனா ஒரு கண்டிசன்" என்றாள் அவள். "நாளைக்கு நான் படுத்துக்கினா நீ வந்து ஒக்காரணும். என் ஊட்லயும் ஆளு கெடையாது."

"வரேன்."

"வெறும் வரேன் வாணாம். பெருமாள் மேல சொல்லு."

பெருமாள் மேல் சொன்னார்.

ஊருக்கு என்ன சொல்வது? அதற்கு அய்யங்காரே வழி கண்டுபிடித்தார். பௌர்ணமி வரையில் மௌன விரதம், கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கப் போகிறேன், யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று கோவில் வாசலிலும் பால்காரனிடமும் சொல்லி வைத்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டார். கொல்லைக் கதவு வழியாகச் சந்தில் இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கங்கம்மா பிளாட்பாரத்தில் தூக்குச்சட்டியோடு காத்திருந்தாள். அவளிடம் பேச வாயைத் திறந்த அய்யங்கார் சட்டென்று வேஷ்டியை இழுத்து மூடிக்கொண்டார். எதிர்ப் பக்கத்து பெஞ்சில் ராமஸ்வாமி! கையில் ஒரு பை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, நேராக இவர்கள் இருவரையும் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"போச்சு!" என்றார் அய்யங்கார். "மௌன விரதம் இருக்கிறவன் வெல்லக்காரியோட ரயில் ஏறறதைப் பார்த்துட்டான்."

"பாத்தா பாக்கட்டும். ஏறு சாமி, வண்டி பூடும்."

வார்டில் ஆரோக்கியமேரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?"

அய்யங்கார் கங்கம்மாவைப் பார்த்தார்.

"தங்கச்சி" என்றாள் கங்கம்மா.

நர்ஸ் குடுமியைப் பார்த்தாள். பூணூலைப் பார்த்தாள். கங்கம்மாவின் சுருக்குப் பையைப் பார்த்தாள். "கூடப் பொறந்த தங்கச்சியா?"

"அது பெரிய கதைம்மா. இன்னா, கேக்கறியா? ஒரு அவர் ஆவும்."

"வேணாம் தாயே" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இலவசம் என்றால் என்ன என்பதையும் அய்யங்கார் அங்கே படுத்துக்கொண்டே தெரிந்துகொண்டார். வாசலில் நிற்பவனுக்கு உள்ளே விடக் காசு. தள்ளுவண்டிக்காரனுக்கு மெதுவாகத் தள்ளக் காசு. படுக்கை விரிப்பை மாற்றுகிற ஆயாவுக்கு ஒரு பங்கு, சவரம் செய்கிறவனுக்கு ஒரு பங்கு. அந்த தர்ம ஆஸ்பத்திரியில் கை நீட்டாத ஆள் டாக்டர் ஒருவர்தான். அவரைத்தான் பார்க்கவே முடியவில்லை. கங்கம்மா மட்டும் இல்லாதிருந்தால் கொண்டுவந்த பணம் முதல் நாளே தீர்ந்திருக்கும். குளத்தங்கரையில் ஆந்திராக்காரர்களிடம் பேரம் பேசிப் பழகிய வாய் அது. "இன்னா நைனா, தள்ளுவண்டிய நீயா வாங்கின? டப்பு டப்புன்னா நான் எங்க போவேன்? இந்தா, வெல்லம் துன்னு" என்று தள்ளுவண்டிக்காரனுக்கு அச்சு வெல்லத்திலேயே கணக்குத் தீர்த்தாள்.

ஆகாரம்தான் அய்யங்காருக்குக் கவலை. அவள் இட்லி கொண்டுவந்து நீட்டியபோது கேட்டார்.

"எங்கே வாங்கினே?"

"எதுத்தாப்ல. உடுப்பி."

"சுத்த உடுப்பிதானே?"

"சுத்தம்னா சுத்தம். நாஷ்டா ஆறிப் போவுது, துன்னு சாமி."

பௌர்ணமிக்கு முந்தின நாள் சந்து வழியாகவே வீட்டுக்குள் நுழைந்தார். மறுநாள் காலையில் வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்தார். கதவிடுக்கில் யாரோ செருகியிருந்த உற்சவ நோட்டீஸ் ஒன்று அசையாமல் செருகியபடியே இருந்தது. இத்தனை நாளில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வெளியில் ஒரு குரல்கூட 'அய்யங்காரே' என்று கூப்பிட்டதற்கு அடையாளம் இல்லை. திட்டம் முழு வெற்றி. அந்த வெற்றிப் பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டு, நாலாக மடித்து விறகோடு போட்டார். ஏனோ அன்று காப்பி ருசிக்கவில்லை.

ஆனால் தெருவில் இறங்கியதும் கதை வேறாக இருந்தது. கூனிக்கொண்டு உள்ளே போன மனுஷர் நிமிர்ந்துகொண்டு வெளியே வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

"அடேயப்பா, அய்யங்கார் நடையைப் பார்த்தியா?"

"விரதம்னா அது விரதம். கதவைச் சாத்திண்டு பெருமாளும் அவருமா இருந்திருக்கா."

"கொடலு எறங்கியிருந்ததாமே? உள்ள போய்டுச்சாம்!"

யார் சொன்னது? கங்கம்மா மட்டும் குனிந்த தலை நிமிராமல் வெல்லம் எண்ணிக்கொண்டிருந்தாள். அவரிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அய்யங்கார், "எல்லாம் பெருமாள் அனுக்கிரகம்" என்று மட்டும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டார். மார்கழி அமாவாசையில் அவர் படிக்கு முன்னால் கூட்டம் இரட்டித்தது. தட்டும் கனத்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ராமஸ்வாமி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது. 'ஏன் இன்னும் சொல்லாம இருக்கான்?' என்று ஜகந்நாதன் தூக்கமில்லாமல் புரண்டார். பிறகு விடை கிடைத்தது. தை அமாவாசை! வருஷத்திலேயே பெரிய கூட்டம். அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று போட்டு உடைக்கப் போகிறான்.

தை அமாவாசை வந்தது. குளம் தெரியாத கூட்டம். அன்று சேர்வதை வைத்துத்தான் சித்திரை வரை ஓட்டவேண்டும். ஜகந்நாதன் ஒரு கண்ணை நோயாளிகள் மேலும் மறு கண்ணை ராமஸ்வாமி மேலும் வைத்துக்கொண்டு சங்கல்பம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே பட்டணத்துத் துணி வியாபாரி ஒருவர், வாயுத் தொல்லைக்காகக் காரில் வந்தவர், பட்டுத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்.

அப்போது கங்கம்மாவின் குரல் கிளம்பியது.

"இந்த ஆளுக்கு நான் வெல்லம் விக்கமாட்டேன்!"

கூட்டம் திரும்பியது. கிழவர் ஒருவர் காக்கிச் சட்டையில், படியில் பாதி உட்கார்ந்தும் பாதி சாய்ந்தும் கிடந்தார். உதடு வறண்டிருந்தது. கையில் காசை நீட்டிக்கொண்டிருந்தார்.

"காசு குடுக்கறேனே தாயீ. ஏன் விக்கமாட்டே?"

"காலைலேருந்து வாந்தி எடுக்கறியா இல்லியா?"

"ஊத்துக்கோட்டை பஸ்ஸுல எடுத்தேன். அதனால இன்னா?"

கங்கம்மா கூடையை மூடிவிட்டு ஜகந்நாதனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

ஜகந்நாதன் எழுந்து வந்தார். கிழவர் பெயர் அருணாச்சலம். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்பு ஷெட் ஒன்றில் வாட்ச்மேன். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வயதாகிவிட்டதால் கம்பெனிப் பதிவில் பெயர் இல்லை. கம்பெனி ஆஸ்பத்திரியும் இல்லை.

"பட்டணத்துல காட்டினேன் சாமி. அறுக்கணும்னாங்க. கூட ஆள் கூட்டியான்னாங்க. நான் யாரைக் கூட்டியாருவேன்? மீஞ்சூர்ல ஒருத்தரு சொன்னாரு, திருவள்ளூர்க் கொளத்தாண்ட ஒரு அய்யரு கத்தி வைக்காம கொணமாயிட்டாருன்னு. அது நீதானே சாமி?" கிழவர் அவர் காலைத் தொட்டார். "உனக்குச் செஞ்சத எனக்கும் செய்யச் சொல்லு பெருமாள்கிட்ட. ஒரு வெல்லம் போதும்."

அந்த ஆளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு சங்கல்பம், ஒரு வெல்லக் கட்டி. கொடுத்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார், சாயங்காலத்துக்குள் எங்கேயாவது ஒரு பஸ் ஸ்டாண்டில் முடிந்தும் போய்விடுவார். இவரும் திரும்பி வந்து சொல்லமாட்டார்.

கொடுக்காவிட்டால்? 'எனக்கும் கத்திதான் வெச்சாங்க' என்று இத்தனை ஜனத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். அடுத்த படியில் ராமஸ்வாமி கழுத்தை நீட்டி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அய்யங்கார் கண்ணை மூடினார். ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று தான் அலைந்தது ஞாபகம் வந்தது. கதவிடுக்கில் இருந்த நோட்டீஸும் ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்தபோது, தொழில் அவரைக் காப்பாற்றியது. சங்கல்பம் சொல்கிற அதே கணீர்க் குரலில் ஆரம்பித்தார்.

"பெருமாள் உத்தரவாயிடுத்து! இவருக்குப் பரிகாரம் இந்தக் குளத்திலே இல்லே. கிழக்கே, ரயில் பாதை ஓரமா, வெள்ளை வஸ்திரம் கட்டிண்டவா இருக்கிற இடத்திலே இருக்கு. சூரியன் உச்சிக்கு வரதுக்குள்ளே போய்ச் சேரணும்." சட்டென்று துணி வியாபாரி பக்கம் திரும்பினார். "உமக்கு வாயுத் தொல்லைதானே?"

"ஆமாம் சாமி. பத்து வருஷமா."

"உமக்குப் பரிகாரம், வியாதிக்காரனுக்கு வாகனம் கொடுக்கிறது. கார் எங்கே நிக்கறது?"

"சன்னிதித் தெரு முனையிலே..." என்றார் வியாபாரி மெய்சிலிர்த்து.

நாலு பேர் அருணாச்சலத்தைத் தூக்கினார்கள். ஜகந்நாதன் தட்டைக் கவிழ்த்துக் கிடைத்ததை மடியில் கட்டிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கங்கம்மா கூடைக்குள் கை விட்டுச் சில்லறையை அள்ளி அவர் துண்டில் போட்டாள்.

"வாசல்காரனுக்கு முன்னாடியே குடுத்துடாத சாமி. உள்ள போனப்புறம் குடு."

"நீ வரலையா?"

"தை அமாவாசை அதுவுமா கடைய போட்டுட்டு வருவாங்களா? நீ போ."

வார்டில் ஆரோக்கியமேரி நிமிர்ந்து பார்த்தாள். "திருவள்ளூர் பெரியவரா! மறுபடியும் என்ன?"

"எனக்கில்லேம்மா, இவருக்கு. முறுக்கிண்டுடுத்து. சீக்கிரம்."

"கூட ஆள்?"

"அடியேன்."

"என்ன உறவு?"

"தம்பி."

நர்ஸ் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். இந்தத் தடவை அய்யங்காரின் நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. துடைக்க மறந்திருந்தார்.

"அன்னைக்கு அந்தத் தங்கச்சி, இன்னைக்கு இந்தத் தம்பி. உங்கப்பா பெரிய ஆளுதான் போலிருக்கு!" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். அதற்குள் தள்ளுவண்டி உள்ளே போய்விட்டது.

இன்னும் சற்று நேரம் ஆகியிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதாக ஆயா சொன்னாள், அதற்கும் காசு வாங்கிக்கொண்டு. கிழவருக்குக் கஞ்சி வாங்க அய்யங்கார் எதிர்ச் சாரிக்குப் போனார். உடுப்பி ஓட்டலைத் தேடினார். அந்தத் தெரு நெடுகிலும் இருந்தது ஒரே ஒரு கடைதான். சுல்தான் டீ ஸ்டால். வாசலில் இட்லிக் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனை அவருக்கு நன்றாகப் பழக்கமான வாசனையாக இருந்தது.

'பெருமாளே!' என்றார். பிறகு கஞ்சியோடு நாலு இட்லியும் வாங்கினார். கூட இருக்கிற ஆளுக்கும் பசிக்குமல்லவா?

அருணாச்சலம் எழுந்து உட்கார்ந்து சாப்பிடும்வரை இருந்துவிட்டு ஊர் திரும்பினார். போனதுமே படி பறிபோயிருக்கும், மானமும் பறிபோயிருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் குளத்தங்கரைக்கு வந்தார். கங்கம்மா பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வா சாமி. பொழைச்சாரா?"

"பிழைச்சார்."

ஒரு பொட்டலத்தை இரண்டு தரம் கட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அந்த ஜவுளிக்காரருக்கு மீஞ்சூருக்கும் பட்டணத்துக்கும் கேக்கற மாதிரி வாயு பூட்ச்சாம். பெருமாள் கார்ல ஏறி வந்தாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு."

"ராமஸ்வாமி? என் படியிலே உட்கார்ந்தானா?"

"அதான் சாமி எனக்கும் புரியல. உன் படி காலியாவே கெடந்தது. அவரு பாட்டுக்கு அவரு எடத்துலயே இருந்தாரு."

புரியாமல் ஜகந்நாதன் நின்றபோது படியில் காலடி கேட்டது. ராமஸ்வாமி ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கி வந்தார். கழுத்தை நீட்டினார். கண்ணைச் சுருக்கினார்.

"அங்கே நிக்கறது ஜகந்நாதன்தானே?"

"ஏன், தெரியலையா?"

"குரல் கேட்டப்புறம் தெரியறது." ராமஸ்வாமி சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "ஓய், உம்மகிட்டே ஒரு ரகசியம். வெளியிலே விட்டுடாதேயும். என் பிழைப்பே போயிடும். எனக்குக் கண் போயிடுத்து. ரெண்டிலேயும் புரை. எதிரே ஆள் வந்தா நிழல் மாதிரி வரது. நானும் உத்து உத்துப் பார்க்கறேன், மூஞ்சி பிடிபடமாட்டேங்கறது."

ஜகந்நாதன் படியில் உட்கார்ந்தார். வேஷ்டியை இழுத்து மூடியது, சந்து வழியாகப் போனது, தூக்கம் கெட்டது எல்லாம் இந்தக் கண்ணுக்குப் பயந்துதானா?

"கார்த்திகையிலே ஸ்டேஷன்லே என்னைப் பார்த்தீரே?"

"எந்த ஸ்டேஷன்? ஆமாம், ஒரு நாள் போனேன், பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு. கூட ஆள் இருந்தாத்தான் கட்டில்னுட்டான். திரும்பி வந்துட்டேன். உம்மை எங்கே பார்த்தேன்? எனக்கு ரயிலே சத்தம் கேட்டாத்தான் தெரியறது."

"தை அமாவாசையன்னிக்கு நான் பாதியிலே எழுந்து போனதாவது..."

"அதை ஏன் கேக்கறீர்? மத்தியானம் வரைக்கும் உம்மகிட்டே பேசிண்டே இருந்தேன். பதிலே வரலை. கர்வம் பிடிச்சவன்னு கோவிச்சுண்டேன். அப்புறம் இவதான் சொன்னா, அங்கே யாரும் இல்லேன்னு."

கங்கம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜனங்க எல்லாம் பேசிக்கறா" என்று ராமஸ்வாமி இன்னும் நெருங்கி வந்தார். "ரயில் பாதை ஓரமா ஏதோ இடம் இருக்காமே, பெருமாள் உமக்குக் காட்டினாராமே? அங்கே கண்ணுக்கும் பார்ப்பாளோ? பிள்ளைகளுக்கு எழுதினா 'லீவு கிடைக்காது' என்கிறான்கள். எனக்குக் கூட வர ஆள் இல்லை ஓய்."

ஜகந்நாதன் கங்கம்மாவைப் பார்த்தார். அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ராமஸ்வாமியின் குடுமியை மேலும் கீழும் அளந்தாள்.

"இவரு எனக்கு இன்னா சாமி, பெரியண்ணனா, சின்னண்ணனா? அந்த நர்ஸம்மா இந்தத் தபா நம்பாது."

"நம்பவேண்டாம்" என்றார் ஜகந்நாதன். "எழுதிண்டா போதும்."